எஞ்சிய மரம்: வன்னித் தச்சுத் தொழிலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் யானை, நெல், போர் என்னும் மூன்று பொருள்களையே தம் ஆய்வுக்கு மையமாகக் கொண்டனர். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னிபங்கள் திறையாகச் செலுத்திய யானைகள், குளங்களின் கீழ் விளைந்த நெல், 1803-இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும் அதே ஆண்டு இறுதியில் கற்சிலைமடுவில் முறியடிக்கப்பட்டதும் ஆகிய செய்திகள் மீண்டும் மீண்டும் பேசப்பட்டுள்ளன. 1895-இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் அவர்களின் வன்னி மாவட்டக் கைந்நூலும், 1960-இல் வெளிவந்த சி. எஸ். நவரத்தினம் அவர்களின் வன்னியர் வரலாறும் இத்துறையில் வழிகாட்டிகளாக விளங்குவன. எனினும், இப்பெருநிலப்பரப்பின் மிகப் பெரிய செல்வமாகிய மரம், வரலாற்று நூல்களிலே பெரும்பாலும் பின்னணித் திரையாகவே நின்றுவிட்டது. மரத்தை அரிந்து, சீவி, கதவாகவும் கட்டிலாகவும் ஆக்கிய தச்சனின் வரலாறோ தனியே எழுதப்படவில்லை.

இவ்வரலாற்றை நோக்கும்போது ஒரு முரண்பாடு புலனாகின்றது. நாற்புறமும் காடு சூழ வாழ்ந்தவன் வன்னித் தச்சன். ஆயினும் சென்ற ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அக்காட்டு மரம் அவனுக்கு உரிமையாக இருந்ததில்லை. அவன் கைக்கு எட்டியது எஞ்சிய மரம். காற்று வீழ்த்தியது, வளவிலே பட்டது, இடிந்த வீட்டினின்றும் கழற்றப்பட்டது, பிறர் பயன்படுத்திக் கைவிட்டது ஆகியனவே அவனுடைய மூலப்பொருளாயின. மீட்டெடுத்த மரத்தை அரிந்து, கேட்போரின் தேவைக்கேற்பத் தளபாடம் செய்துகொடுக்கும் சிறுதொழில் இன்று உலகின் பல நாடுகளிலே புதியதொரு முயற்சியாகப் பேசப்படுகின்றது. வன்னியில் அது புதுமையன்று; தேவையால் விளைந்த பழைய வழக்கமே எனலாம். அவ்வழக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதன் இன்றைய நிலை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடும் அதன் மரங்களும்

வன்னி வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. ஏனைய மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். இத்தகைய நிலத்திலே மரங்கள் மெல்ல வளர்கின்றன. மெல்ல வளர்வதால் வைரம் பாய்கின்றன. பாலை, முதிரை, கருங்காலி, வீரை, சமண்டலை முதலியன இக்காட்டின் தலைமரங்கள். பாலையும் கருங்காலியும் தண்ணீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் கனமுடையன. முதிரை இளமஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற பளபளப்பும் உடையது. சமண்டலை வளைந்து கொடுப்பது. ஆதலால் படகுக்கும் வண்டிலுக்கும் ஏற்றது. இலங்கையிலிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகிய இம்மரம் அங்கே திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்று, கரையோர மசூலாப் படகுகளைக் கட்டப் பயன்பட்டது.

மக்கள் இம்மரங்களை எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. புளியங்குளம், மாங்குளம், வேப்பங்குளம், மருதோடை ஆகிய பெயர்களில் நீர்நிலையும் மரமும் இணைந்தே நிற்கின்றன. வவுனியா நகரிலுள்ள தேக்கவத்தை என்னும் பெயர் பிற்காலத்து வரவாகிய தேக்கை நினைவூட்டுகின்றது. தேக்கு இலங்கைக்கு உரிய மரமன்று. 1680-இல் ஒல்லாந்தரே அதனை இங்குக் கொண்டுவந்தனர்.

கிராமத் தச்சன்

காலனித்துவச் சட்டங்கள் ஊருக்குள் நுழையுமுன் இருந்த நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். வன்னிக் கிராமத்தில் தச்சன் செய்த முதன்மையான பொருள்கள் தளபாடங்கள் அல்ல. கலப்பை, நுகம், வண்டில், உரல், உலக்கை, நிலை, கதவு என்பனவே அவன் தொழிலின் உயிர்நாடி. நெற்செய்கைக்கு வேண்டிய கருவிகளைச் செய்பவன் ஆதலின், அவனுக்குரிய கூலியும் அறுவடைக் காலத்திலே நெல்லாகவே அளக்கப்பட்டது. கருங்காலி உலக்கைக்கு வெள்ளிப் பூண் என்னும் பழமொழி, மரத்தின் தரத்தை மக்கள் பொன் வெள்ளியோடு ஒப்பவைத்து மதித்தமையைக் காட்டும். வீட்டினுள் இருந்தவை ஒரு பெட்டகமும், ஒரு வாங்கும், வசதியுடையோர் வீட்டில் ஒரு கட்டிலுமே. மேசையும் கதிரையும் அலுமாரியும் பிற்காலத்து வரவுகள். மேசை, கதிரை, அலுமாரி ஆகிய சொற்களே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை என்பது இதற்குத் தக்க சான்றாகும்.

மரத்தை ஆயத்தம் செய்யும் முறையும் அக்காலத்திலேயே செப்பமுற்றிருந்தது. வெட்டிய மரத்தை உடனே வேலைக்கு எடுப்பதில்லை. குளத்திலோ சேற்றிலோ சில மாதங்கள் ஊறப்போடுவர். மரத்தினுள் இருக்கும் மாச்சத்து நீரிலே கரைந்து வெளியேறுவதால், உளுக்கும் வண்டும் கறையானும் எளிதில் அணுகா. பின்னர் நிழலிலே அடுக்கிக் காயவைப்பர். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது, காற்றிலே மரம் உலர்த்துவோர் பல நாடுகளிலும் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அமெரிக்காவின் வடகீழ் மாநிலங்களில் 1938 புரட்டாதியில் வீசிய சூறாவளி பெருந்தொகையான மரங்களைச் சாய்த்தபோது, அந்நாட்டரசு மரத்தடிகளைப் பூச்சியினின்றும் காக்க ஏரிகளிலும் குட்டைகளிலும் போட்டுவைத்தது. வன்னியின் குளத்துச் சேற்றில் மரத்தைப் புதைத்த தச்சனும் அதே உண்மையைத் தன் அனுபவத்தால் அறிந்திருந்தான்.

சட்டம் வகுத்த எல்லை

காட்டுக்கும் தச்சனுக்கும் இடையிலான உறவை மாற்றியது 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். எவருக்கும் உரியதென நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரிய நிலமாகவே கொள்ளப்படும் என அது விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய மலைநாட்டுச் சூழலிலே இச்சட்டம் பிறந்ததாயினும், அதன் விளைவு வன்னியையும் பற்றியது. உறுதி எழுதாமல் காட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மக்களிடம், அது தமது எனக் காட்டுவதற்கு ஆவணம் எதுவும் இருக்கவில்லை.

1882-இல் வின்சென்ற் என்னும் வன அதிகாரி இலங்கைக் காடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். சேனைப் பயிர்ச்செய்கையால் பெறுமதிமிக்க மரங்கள் அழிவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். அதனைத் தொடர்ந்து 1885-இல் வனக் கட்டளைச் சட்டமும், 1887-இல் வனத்திணைக்களமும் தோன்றின. 1907-இன் 16-ஆம் இலக்கச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் உள்ளது. மரம் வெட்டுவதற்கும், அதனை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்னும் விதி இவ்வாறே வேரூன்றியது.

இச்சட்டங்களை வெறும் அடக்குமுறை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. குளத்தின் நீரேந்து பகுதியிற் காடு அழிந்தால் குளம் மண்ணால் தூர்ந்துபோகும். குளம் தூர்ந்தால் வயல் இல்லை. காட்டைக் காத்தல் உழவனைக் காத்தலேயாம். ஆயின், காட்டைக் காத்த அரசே அதனை விற்கவும் செய்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பிரித்தானியரின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் வறண்ட வலயத்து மரமே வேண்டியிருந்தது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833-இல் அமைந்த பாலம் முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. 205 அடி நீளமான ஒரே வில்வளைவாக, ஆணியின்றி இணைக்கப்பட்டு, 1905 வரை நின்றது. இங்கிலாந்தின் செல்வர் மாளிகைகளிலும் இலங்கை முதிரை மேசைகளுக்கும் அலுமாரிகளுக்கும் மேற்பூச்சுப் பலகையாயிற்று. பாலை மரம் புகையிரதத் தண்டவாளங்களின் கீழே சிலிப்பர்க் கட்டைகளாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதலாவது புகையிரதம் 1905 ஆவணியில் வன்னிக் காட்டை ஊடறுத்துச் சென்றது.

இவ்வாறு மரம் பேரரசின் பண்டமாகியபோது, உள்ளூர்த் தச்சனுக்கு எஞ்சியவை எவை? சொந்த வளவிலே நின்ற வேம்பு, பலா, புளி, மா என்பன, சேனைக்கு வெட்டி எரித்தபின் கருகி நின்ற அடிமரங்கள், புயலுக்குச் சாய்ந்தவை, பழைய வீடு பிரிக்கும்போது கிடைத்த வளையும் தீராந்தியும். மீட்டெடுத்த மரத்தை நம்பிய தொழிலின் தொடக்கம் இங்கேதான் உள்ளது.

குடியேற்றமும் மரக்காலையும்

1920-இல் இரணைமடுக் குளம் நிறைவுற்றதும், பின்னர் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றங்கள் உருவானதும் வன்னியின் முகத்தை மாற்றின. 1940-களின் பிற்பகுதியில் டிடிரி தெளிப்பினால் மலேரியா அடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலே காடு வெட்டிக் கழனி கண்டன. காடு திருத்தும்போது பெருமரங்கள் அரசுக்கு உரியனவாயின. சிறியனவும் வளைந்தனவும் வெட்டிய இடத்திலேயே குவித்து எரிக்கப்பட்டன. அத்தீக்குத் தப்பிய மரத்துண்டுகள் குடியேற்றவாசிகளின் முதற் கதவுகளாகவும் கட்டில்களாகவும் ஆயின.

1951-இன் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும் என்றது. உணவு தரும் மரங்களைக் காப்பதே அதன் நோக்கம். 1968-இல் அரச மரக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபின், அரச காட்டு மரத்தை வெட்டி விற்கும் பணி பெருமளவில் அதன் கைக்குச் சென்றது. 1970-களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் வடபகுதி விவசாயிகளின் கையிலே பணம் புழங்கியது. கல்வீடு கட்டியோர் அலுமாரியும் சாய்மனைக் கதிரையும் கேட்டனர். கைவாளால் இருவர் மேலும் கீழும் நின்று மரம் அரிந்த முறைக்குப் பக்கத்திலே இயந்திர வாள் பூட்டிய மரக்காலைகளும் நிலைபெற்றன.

மரக்காலையில் மரம் அளக்கும் முறையும் வரலாறு உடையது. மரத்தடியின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதனை வர்க்கித்து, நீளத்தாற் பெருக்குவது பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளிலே பரப்பிய கணக்கு. எட்வர்ட் ஹொப்பஸ் என்னும் ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட வாய்பாட்டு நூலே இதற்கு மூலம். நான்கு அடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள தடியை இம்முறையில் அளந்தால் 10 கன அடி வரும். வட்டக் கணக்கின்படி அதன் உண்மைக் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 கன அடி. இவ்வேறுபாடு பிழையன்று, பட்டையும் புறப்பலகையும் வாள் தின்னும் தூளும் கழிவாகப் போகும் என்பதை முன்கூட்டியே ஒதுக்கிய ஏற்பாடு. ஆயினும், பெரிய மரக்காலை கழிவென ஒதுக்கிய புறப்பலகைகளே சிறு தச்சனுக்கு வாங்காகவும் முக்காலியாகவும் ஆட்டுப்பட்டி வேலியாகவும் பயன்பட்டன. ஒருவனுடைய கழிவு மற்றொருவனுடைய முதலாயிற்று.

இயற்கையும் இடையிடையே மரத்தை வழங்கியது. 1964 மார்கழி 22-ஆம் நாள் வீசிய புயல், தனுஷ்கோடியை அழித்ததற்கு முன்னர் இலங்கையின் வடபகுதியைத் தாக்கிற்று. 2020 மார்கழி 2-ஆம் நாள் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை கடந்தது. வளவிலே சாய்ந்த முதிய மரத்தை விறகாக்குவதா, பலகையாக்குவதா என்பது ஒவ்வொரு புயலின் பின்னும் எழும் கேள்வி. விறகாக்கினால் அது ஒரு மாதத்திலே சாம்பல். பலகையாக்கினால் மூன்று தலைமுறைக்குப் பயன். இடையிலே வேண்டியது ஒரு வாளும், அதனை ஏற்றிவரும் வண்டியும், ஏற்றுவதற்குரிய பத்திரமுமே.

போரும் மரமும்

1990-ஆம் ஆண்டு இருவகையில் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை அரசு அவ்வாண்டில் நாடு முழுவதிலும் நிறுத்திற்று. அதன்பின் இலங்கையின் மரத்தேவையில் பெரும்பகுதியை வீட்டுத் தோட்டங்களும் நடுகைக் காடுகளுமே நிறைவுசெய்தன. அதே ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிப் புகையிரதச் சேவையும் நின்றது. தண்டவாளங்களும் அவற்றின் கீழிருந்த கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஒரு காலத்தில் வறண்ட வலயத்துக் காட்டிலிருந்து வெட்டப்பட்டுப் பேரரசின் பாதைக்குக் கிடத்தப்பட்ட பாலை மரம், எண்பத்தைந்து ஆண்டுகளின் பின் மண்ணுக்குள் இறங்கி மனித உயிரைக் காக்க முற்பட்டது.

1995 ஐப்பசியின் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் வன்னியை வந்தடைந்தனர். அவர்களுடன் தச்சர்களும் தம் உளியையும் சீவுளியையும் கொண்டு வந்தனர். எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் தடை இருந்த காலம் அது. மின்சாரமும் டீசலும் இல்லாத இடத்தில் இயந்திர வாள் ஓயும். கைவாள் மீண்டும் எழும். தடிகளால் கட்டிக் கிடுகால் வேய்ந்த கொட்டில்களே வீடுகளாகவும் பள்ளிகளாகவும் இருந்தன. காட்டின் மீதான அழுத்தம் பெருகியது. அதனைப் பேணவென்று அப்பகுதியை ஆண்ட விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தின் கீழும் தனிப் பிரிவொன்று இயங்கியது. ஆட்சி எவருடையதாயினும் காட்டு மரத்துக்கும் மக்களுக்கும் இடையிலே அனுமதி என்னும் எல்லைக்கோடு இருந்தே வந்துள்ளது என்பதை இது உணர்த்தும்.

2002-இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தபோதும், 2004 மார்கழி 26-இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோதும், வீடும் படகும் கதவும் மீண்டும் தேவைப்பட்டன. 2008, 2009 ஆகிய ஆண்டுகளின் இறுதிப் போர் வன்னி மக்களை முற்றாகப் பெயர்த்தெறிந்தது. குடும்பங்கள் ஊர் ஊராக நகர்ந்தபோது கதவு, யன்னல், கூரைமரம் ஆகியவற்றைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றனர். பனையும் தென்னையும் வெட்டிப் பதுங்குகுழி மேல் அடுக்கினர். 2009 வைகாசியில் போர் முடிந்தபோது, வன்னியில் நின்ற மரங்களுட் பல தலை இழந்து, உடலில் எறிகணைத் துண்டுகளைத் தாங்கி நின்றன.

மீட்ட மரத்தின் தொழில்

மீள்குடியேற்றத்தின் பின் மரத்தேவை திடீரெனப் பெருகியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2012 முதல் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டு, உரிமையாளரே தம் வீட்டைக் கட்டினர். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையும் கதவும் கூரைமரமும் வேண்டும். காட்டுக்குள் செல்வதற்கோ சட்டம் தடை. பல இடங்களில் மிதிவெடியும் தடை. ஆதலால் பட்டுப்போன தென்னையும், உடைந்த வீட்டின் தீராந்தியும், பதுங்குகுழியிலிருந்து தோண்டியெடுத்த குற்றியும் பெறுமதி பெற்றன.

இத்தகைய மரத்தை வேலைக்கு எடுப்பது எளிதன்று. முதற் பகை இரும்பு. எறிகணைத் துண்டொன்று மரத்திற் பதிந்தபின் மரம் தொடர்ந்து வளர்ந்தால், காயத்தைப் பட்டை மூடிவிடும். வெளியே தழும்பு மட்டுமே தெரியும். அரியும்போது வாளின் பற்கள் அத்துண்டிலே மோதி முறியும், அரிபவனுக்கும் ஆபத்து. முதலாம் உலகப் போரின் களங்களாக இருந்த வடகீழ்ப் பிரான்சிலும் இதே இடர் நேர்ந்தது. வெர்டன், அல்சேஸ் பகுதிக் காட்டு மரங்கள் இரும்பு பாய்ந்தவை என விலை குறைத்து மதிக்கப்பட்டன. அரிவதற்குமுன் உலோகம் காட்டும் கருவியால் சோதிக்கும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது. அனுபவமுள்ள தச்சன் மற்றொரு குறியையும் அறிவான். மரத்தினுள் இரும்பு நெடுநாள் கிடந்தால், மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறை படரும். பலகையின் ஓரத்தில் அக்கறை தோன்றினால், மேற்கொண்டு அரியாமல் உளியால் தோண்டிப் பார்ப்பதே அறிவுடைமை.

பழைய மரத்துக்குக் குறை உள்ளதுபோலச் சிறப்பும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் கூரையிலே கிடந்த முதிரைத் தீராந்தி முற்றாக உலர்ந்துவிட்டது. இனிக் கோணாது, வெடிக்காது. பச்சை மரத்தை ஓராண்டு, ஈராண்டு காயவைக்கும் முதலீடு அதற்கு வேண்டியதில்லை. சிறுதொழிலாளனுக்கு இது பெரும் நன்மை. ஏனெனில் அவனிடம் மரத்தை அடுக்கிவைத்துக் காத்திருக்கும் பொருள்வலிமை இல்லை. ஆயின், அத்தீராந்தி குறித்த நீளமும் தடிப்பும் உடையது. துளைகளும் ஆணித்தடங்களும் உள்ளது. எனவே, ஒரே அளவில் நூறு கதிரைகளைச் செய்யும் ஆலைக்கு அது உதவாது. இன்ன மரத்திலிருந்து இன்ன பொருள் வரும் எனக் கண்டு, கேட்டவரின் தேவையையும் மரத்தின் அளவையும் பொருத்தி ஒவ்வொன்றாகச் செய்பவனுக்கே அது உதவும். மீட்ட மரமும், சொல்லிச் செய்விக்கும் தளபாடமும் இணைந்தே வருவதற்கான காரணம் இதுவாகும்.

இவ்விடத்து ஜோர்ஜ் நகாஷிமா என்பவரின் வாழ்வு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்காவிற் பிறந்த ஜப்பானியராகிய இவர் (1905–1990), 1930-களின் பிற்பகுதியிலே புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். தமிழ் மண்ணிலே அக்கட்டடத்துக்குத் தளபாடங்களையும் வடிவமைத்தார். 1942-இல், போர்க்கால அச்சத்தால் அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரைத் தடுத்து வைத்தபோது, குடும்பத்துடன் இடாகோ மாநில முகாமொன்றில் அடைக்கப்பட்டார். அங்கே கென்ராரோ ஹிக்கோகாவா என்னும் தச்சரிடம் ஜப்பானிய மரபுத் தச்சைக் கற்றார். முகாமிற் கிடைத்த எஞ்சிய பலகைகளே அவர்களின் மூலப்பொருள். விடுதலையின் பின் பென்சில்வேனியாவில் அவர் தொடங்கிய சிறு தொழிற்கூடம், மற்றோர் ஒதுக்கிய வெடித்த பலகையையும் முறுகிய அடிமரத்தையும் விரும்பி ஏற்றது. வெடிப்பை மறைக்காமல், இரு பக்கத்தையும் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பினால் பிணைத்து, அதனையே அழகாக்கினார். அவர் பொருள்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

முகாம், இடப்பெயர்வு, எஞ்சிய பலகை ஆகிய மூன்றும் வன்னித் தச்சனுக்கும் பொதுவானவை. திறனிலும் அவன் குறைந்தவன் அல்லன். வேறுபாடு யாதெனில், நகாஷிமாவின் மரத்திலே இருந்த வெடிப்பு வாங்குவோரின் கண்ணுக்குச் சிறப்பாகத் தோன்றியது; வன்னி மரத்திலுள்ள தழும்போ வறுமையின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றது. பழைய மரத்தாற் செய்த கட்டிலை வைத்திருப்பதற்குக் கூசி, செயற்கைப் பலகையாலான அலுமாரியைத் தவணைப் பணத்துக்கு வாங்கும் போக்குப் பரவியுள்ளது. ஈரம் பட்டால் உப்பிப்போகும் அவ்வலுமாரி பத்தாண்டு நிற்பதும் அரிது.

இன்றைய சிக்கலும் அதன் தீர்வும்

இத்தொழிலின் எதிர்காலம் திறனை மட்டும் பொறுத்ததன்று. அனுமதியின்றிக் காட்டு முதிரையையும் பாலையையும் வெட்டிக் கடத்துவது போருக்குப் பிந்திய வன்னியில் உண்மையான ஆபத்தாக வளர்ந்துள்ளது. அதனைத் தடுப்போர் தச்சுக் கூடத்திற் கிடக்கும் ஒவ்வொரு முதிரைப் பலகையையும் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. பழைய வீட்டுத் தீராந்தியை அரிந்தபின், அதன் புதிய முகம் நேற்று வெட்டிய மரத்தின் முகம்போலவே மஞ்சளாகத் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் கடதாசி எதுவும் தச்சனிடம் இராது. இதன் விளைவாக, நேர்மையாக மீட்ட மரத்தைப் பயன்படுத்துபவன் அஞ்சுகின்றான். கடத்துபவனோ அவ்வையத்தையே தனக்குப் போர்வையாக்கி, காட்டு மரத்தைப் பழைய மரமென்று விற்கின்றான். 1840-இல் ஆவணம் இல்லாமையால் காட்டை இழந்த மக்களின் வழித்தோன்றல்கள், இன்றும் ஆவணம் இல்லாமையாலேயே இடர்ப்படுகின்றனர்.

தீர்வு சட்டத்தைத் தளர்த்துவதன்று. மீட்ட மரத்தைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியச்செய்வதாகும். வீடு பிரிக்கப்படும்போதோ, வளவு மரம் சாயும்போதோ, கிராம அலுவலர் முன்னிலையில் அதன் வகை, அளவு, வந்த இடம் ஆகியவற்றைப் பதிந்து, அப்பதிவை மரத்தோடு தச்சுக் கூடத்துக்கு அனுப்பும் எளிய முறையொன்று போதும். அளக்கும் கணக்கு ஏற்கெனவே உண்டு. அலுவலரும் ஊர்தோறும் உள்ளனர். பதிவுள்ள மரத்தாற் செய்த மேசைக்குக் கூடுதல் விலை கேட்கவும் தச்சனால் இயலும். ஏனெனில் அம்மேசையின் வரலாறும் அதனுடன் விற்கப்படுகின்றது.

வரலாற்று மாணவருக்கும் இதிலே ஒரு கடன் உண்டு. வன்னியின் பல ஊர்களிலே பதிவேடுகள் எரிந்தன, பள்ளிகள் இடிந்தன, புகைப்படங்கள் தொலைந்தன. எனினும் மரம் சில இடங்களில் எஞ்சியுள்ளது. ஒரு நிலையில் உள்ள துளைகள் அது முன்னர் எந்தச் சுவரில் நின்றது என்பதைக் கூறும். ஒரு வாங்கின் அடியிலுள்ள வாள்தடம் அது கைவாள் காலத்ததா இயந்திர வாள் காலத்ததா என்பதை உணர்த்தும். பலகையின் கருநீலக் கறை போரின் ஆண்டுகளைச் சுட்டும். தச்சுக் கூடங்களுக்குச் சென்று, முதிய தச்சர்களிடம் மரத்தின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்தல் காலத்தால் செய்யவேண்டிய பணியாகும். ஒவ்வொரு தச்சர் மறையும்போதும் சில சொற்களும் மறைகின்றன.

யானையையும் நெல்லையும் போரையும் கொண்டு எழுதப்பட்ட வன்னி வரலாறு பொய்யன்று; குறையுடையது. காட்டை ஆண்டோரின் வரலாறு அதில் உண்டு. காட்டின் ஓரத்தில் எஞ்சியதைக் கொண்டு வாழ்ந்தோரின் வரலாறு இல்லை. அதனை எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் ஆவணக் காப்பகத்தில் மட்டுமன்றி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள சிறு தச்சுக் கூடங்களின் மூலைகளிலும் அடுக்கப்பட்டுள்ளன. அவை பலகையாகும் முன்னரே அவற்றைப் படித்துவிடல் வேண்டும்.